அங்கீகாரம் என்னும் ஒரு சொல்: ஒலிபரப்புப் பட்டப்படிப்பைத் தேர்வு செய்வோருக்கு



ஒலிபரப்புக் கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு மொழியியல் படித்த ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். பிறகு சிந்தித்துப் பார்த்தபோது, இப்பொருளில் மாணவர்களுக்கு நேரும் இடர்ப்பாட்டில் பெரும்பகுதி ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது தெரிந்தது. சொல்லாராய்ச்சி என் தொழில். ஆகவே இன்றைய உரையை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில் பெற்றோர் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். பிள்ளைக்கு வானொலியில் ஆர்வம், நல்ல குரல், ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்பார்கள். அடுத்து வரும் கேள்வி, "அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதுதானே, ஐயா?" என்பது. "இருக்கிறது என்றுதான் அங்கே சொன்னார்கள்" என்று விடையையும் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்கைப் பிரிவில் அப்படிக் கூறியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கேட்டவர் ஒன்றை எண்ணிக் கேட்டிருப்பார். சொன்னவர் வேறொன்றை எண்ணிச் சொல்லியிருப்பார். இருவரும் பயன்படுத்திய சொல் மட்டும் ஒன்று.

அங்கீகாரம் வடசொல். 'தன் அங்கமாக்கிக் கொள்ளுதல்' என்பது அதன் சொற்பொருள். தமிழில் வழங்கும்போது அது ஏற்பு, இசைவு, ஒப்புதல், பாராட்டு என எல்லாவற்றுக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஒரு கட்சிக்கும் அங்கீகாரம். ஒரு கவிஞருக்கும் அங்கீகாரம். ஒரு கல்லூரிக்கும் அங்கீகாரம். மேடைப் பேச்சுக்கு இந்த விரிவு போதும். கல்விச் சட்டத்திற்குப் போதாது.

இந்நாட்டின் ஆட்சிமொழியாகிய மலாயில் இந்தக் குழப்பம் இல்லை என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பெண்டஃப்தாரான் என்றால் பதிவு. கெலுலுசான் என்றால் நடத்துவதற்கு அளிக்கப்படும் ஒப்புதல். அக்ரெடித்தாசி என்றால் தரச்சான்று. பெங்இக்திராஃபான் என்றால் அந்தத் தகுதியை வேலை தருவோர் ஏற்றுக்கொள்ளுதல். நான்கும் நான்கு கட்டங்கள். நடத்தும் அமைப்புகளும் ஒன்றல்ல. தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் நாம் இந்நான்கையும் அங்கீகாரம் என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். இன்றைய உரையில் நான் பதிவு, ஒப்புதல், தரச்சான்று, ஏற்பு என்று நான்கு சொற்களைப் பிரித்தே ஆளப்போகிறேன். வேறு நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வேன். பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு தனியார் உயர்கல்வி நிலையம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பின்னர் ஒவ்வொரு படிப்பையும் நடத்துவதற்கு உயர்கல்வி அமைச்சின் ஒப்புதலைப் பெற வேண்டும். இவ்விரண்டும் கதவைத் திறப்பதற்கான அனுமதிகள். தரச்சான்று வழங்குவது எம்.கியூ.ஏ. என்று நாம் அறிந்த மலேசியக் கல்வித் தகுதி முகமை. முன்பு தனியார் கல்லூரிகளின் தரத்தை ஆராய எல்.ஏ.என். என்னும் தேசியத் தரச்சான்று வாரியம் இருந்தது. 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்த வாரியமும் அமைச்சின் தர உறுதிப் பிரிவும் இணைக்கப்பட்டு, அரசுப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி என்ற வேறுபாடின்றி ஒரே முகமையின்கீழ் வந்தன. இந்தத் தரச்சான்று படிப்புக்கு உரியது. கட்டடத்திற்கோ நிறுவனத்தின் பெயருக்கோ உரியதன்று. ஒரே கல்லூரியில் கணக்கியல் பட்டத்திற்குத் தரச்சான்று இருந்து, சென்ற ஆண்டு தொடங்கிய ஒலிபரப்புப் பட்டத்திற்கு அது இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். எனவே "அந்தக் கல்லூரிக்கு" என்று தொடங்கும் கேள்வி முதற்சொல்லிலேயே வழி தவறிவிடுகிறது.

தரச்சான்றிலும் இரண்டு நிலைகள் உள்ளன. ஒரு படிப்பைத் தொடங்குமுன் அதன் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனத் திட்டம், வசதிகள் ஆகியவற்றை ஆராய்ந்து தற்காலிகத் தரச்சான்று அளிக்கப்படும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை அடையும்போது நிறுவனம் முழுத் தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கும். அப்போது மதிப்பீட்டுக் குழு நேரில் வரும், எழுதியது நடந்ததா என்று பார்க்கும், மாணவர்களோடும் உரையாடும். முதல் அணியில் சேர்வோர் ஒரு வாக்குறுதியை நம்பிச் சேர்கிறார்கள் என்பதே இதன் பொருள். பெரும்பாலும் வாக்குறுதி நிறைவேறும். நிறைவேறத் தாமதமானால், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் அவர்களே.

இரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டும் குறியீடு விளம்பரத் தாளிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். தற்காலிகத் தரச்சான்றுக்கு எம்.கியூ.ஏ. என்ற எழுத்துகளை அடுத்து பி.ஏ. என்றும், முழுத் தரச்சான்றுக்கு எஃப்.ஏ. என்றும் வரும். இந்த பி.ஏ.வைத் தமிழெழுத்தில் எழுதிப் பாருங்கள். நாம் நூறாண்டுக்கு மேலாக இளங்கலைப் பட்டத்தைக் குறிக்க எழுதிவரும் அதே பி.ஏ.! தற்காலிகம் என்பதற்கான அடையாளத்தைப் பட்டத்தின் பெயர் என்று படித்துக்கொண்ட ஒரு தந்தையை நான் அறிவேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் வேறாக ஒலிக்கும் இரண்டு எழுத்துகளை நம் எழுத்துமுறை ஒன்றாகவே காட்டும்.

முழுத் தரச்சான்று பெற்ற படிப்புகள் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெறும். அதை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்க்கும்போது படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் 'ஒலிபரப்பு' என்று பெரிதாக இருக்கும். பதிவேட்டில் 'மக்கள் தொடர்பியல்' என்று மட்டும் இருக்கும். இதில் தவறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஒலிபரப்பு அதன் சிறப்புப் பிரிவாக இருக்கலாம். அப்படியானால் மூன்றாண்டில் ஒலிபரப்புக்கு எத்தனை பாடங்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில பல்கலைக்கழகங்கள் தம் படிப்புகளுக்குத் தாமே தரச்சான்று வழங்கிக்கொள்ளும் தகுதியைப் பெற்றுள்ளன; மலாயாப் பல்கலைக்கழகமும் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகமும் அவற்றுள் அடங்கும். அவற்றின் படிப்புகளும் அதே பதிவேட்டில்தான் ஏறுகின்றன.

இனி, இதனால் ஒலிபரப்பு மாணவனுக்கு என்ன வந்தது என்ற வினாவுக்கு வருகிறேன். இது நேர்மையான வினா. மருத்துவர்க்கும் பொறியாளர்க்கும் பதிவுச் சட்டங்கள் உள்ளன. தக்க பட்டம் இல்லாதவர் அத்தொழிலைச் செய்ய முடியாது. ஒலிவாங்கியின் முன் அமர்வதற்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஒரு தனியார் வானொலி குரல் தேர்வு வைத்துப் பட்டமே இல்லாதவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டும் இருக்கிறது. பழைய அறிவிப்பாளர்கள் எந்தப் பட்டம் பெற்றார்கள் என்று மாணவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 1946இல் மலாயா வானொலி தொடங்கிய காலத்தில் இத்துறைக்கு இங்கே பட்டப்படிப்பே கிடையாது. நிலையமே பள்ளிக்கூடமாக இருந்தது. மூத்தவர் அருகில் அமர்ந்து, கையெழுத்துப் படியில் சிவப்பு மையால் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டுக் கற்றார்கள். அந்த நீண்ட பயிற்சிக் காலத்தை இன்று எந்த நிலையம் தருகிறது? தராத நிலையில், அதைத் தருவதாகக் கூறிக் கட்டணம் பெறும் கல்லூரி உண்மையிலேயே தருகிறதா என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். தொழிற்சட்டம் காவல் நிற்காத துறையில், மாணவனுக்கு இருக்கும் ஒரே வெளிச்சாட்சி இந்தத் தரச்சான்றுதான் என்பது என் கருத்து.

மேலும், தமிழ் மாணவருக்கு இதில் தனிப்பட்ட ஒரு காரணமும் இருக்கிறது. மின்னல் எஃப்.எம். தனியார் நிலையம் அன்று, ஆர்.டி.எம். என்னும் அரசுத் துறையின் பகுதி. அங்கே பகுதிநேர அறிவிப்பாளராகப் பேச நல்ல குரலும் மொழியும் போதுமாக இருக்கலாம். நிகழ்ச்சித் தயாரிப்பு அதிகாரியாக நிரந்தரப் பணியில் அமர வேண்டுமானால் அரசுப் பணி நியமன விதிகள் வந்துவிடும். அரசு ஏற்கும் பட்டமும், எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் தேர்ச்சியும் கேட்கப்படும். உள்நாட்டுப் பட்டத்தைப் பொதுச் சேவைத் துறை ஏற்பதற்கு முழுத் தரச்சான்றே அடிப்படை. குரல் தேர்வில் முதலாவதாக வந்தவர் பத்தாண்டுகள் கழித்தும் பகுதிநேரப் பணியிலேயே இருப்பதற்கு, பதினெட்டு வயதில் பார்க்காமல் விட்ட ஒரு பதிவேட்டு வரி காரணமாக இருக்கக்கூடும். முதுகலைக்குச் செல்வோர்க்கும் இதே வரி குறுக்கே நிற்கும். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் தரச்சான்று தேவை.

சரி, அந்தச் சாட்சி எதைப் பார்க்கிறது? பாடத்திட்டம், மதிப்பீடு, மாணவர் தேர்வு, விரிவுரையாளர் தகுதி, கல்வி வளங்கள், நிருவாகம், தொடர்ந்த கண்காணிப்பு என ஏழு பகுதிகளைப் பார்க்கிறது. அனைத்தையும் விளக்க நேரமில்லை. மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மலேசியக் கல்வித் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள் உண்டு. இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. அதற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் உழைப்பின் அளவு. ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல்: விரிவுரை, பயிற்சி, தனிப்படிப்பு, தேர்வு அனைத்தும் சேர்த்து. ஆக ஒரு பட்டம் 4,800 மணி நேரம். 'வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பு' என்று மூன்று கிரெடிட் பாடம் ஒன்று இருந்தால் அது 120 மணி நேரம். அந்த 120இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் கழியும் நேரம் எவ்வளவு? கூடம் ஒன்றுதான்; மாணவர் நாற்பது பேர்; ஒருவர் பதிவு செய்யும்போது எஞ்சியோர் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், ஏட்டிலுள்ள மணியும் கையில் கிடைக்கும் மணியும் ஒன்றாகுமா? தொழிற்பயிற்சிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட் என்பது கணக்கு. ஆறு கிரெடிட் என்றால் பன்னிரண்டு வாரம். அந்த வாரங்களில் மாணவரை மேற்பார்வையிடுபவர் யார், யாருடைய கையொப்பத்தில் மதிப்பெண் வருகிறது? இவற்றைக் கேட்க நீங்கள் மதிப்பீட்டுக் குழுவில் இருக்க வேண்டியதில்லை. கல்லூரியின் திறந்தநாளில் ஒரு தாளும் எழுதுகோலும் போதும். தரச்சான்று பெற்ற படிப்பில் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

அயல்நாட்டுப் பட்டத்தை நாடுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு அந்த ஒற்றைச் சொல்லின் உள்ளடக்கம் மாறுகிறது. அமெரிக்காவில் அரசு நேரடியாகத் தரச்சான்று தருவதில்லை. தரும் அமைப்புகளைத் தான் ஏற்றுக்கொள்கிறது. பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரு சான்று. இதழியல், தொடர்பியல் துறைகளுக்கு விருப்பத்தின்பேரில் வேறொரு மன்றத்தின் சான்று. இரண்டாவதை 2017இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மெடில் இதழியல் பள்ளி வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதனால் அதன் பட்டம் மதிப்பிழக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சான்று அப்படியே இருக்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் போன்ற ஏதோ ஒரு முத்திரையைக் காட்டும் இணையவழிப் பட்டங்களே அஞ்ச வேண்டியவை. அவற்றுட் சில, தமக்குச் சான்று வழங்கத் தாமே ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொள்கின்றன. பிரிட்டனில் ஒலிபரப்பு இதழியல் பயிற்சி மன்றம் என்று ஒன்று உண்டு. அதில் பி.பி.சி. போன்ற நிலையங்களே பங்காளிகள். அம்மன்றத்தின் சான்று பெற்ற படிப்பில் மாணவர்கள் உண்மையான செய்தி அறையைப்போல் முழுநாள் இயங்கி, குறித்த மணிக்குச் செய்தியறிக்கை தரவேண்டும். இத்துறையின் இயல்பை அறிந்தவர்கள் வகுத்த தேவை அது. எனக்குப் பிடித்த ஏற்பாடு.

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு சொல். அங்கே தனியார் கல்வி நிலையங்கள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுவது கட்டாயம். அப்பதிவு, அங்கு நடக்கும் படிப்பின் தரத்துக்கு அரசு தரும் சான்றாகாது. எடுடிரஸ்ட் என்பதும் நிறுவன நிருவாகத்தைச் சார்ந்த முத்திரை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத் தனியார் நிலையம் வழி படிப்போர், அந்தப் பட்டம் அதன் சொந்த நாட்டில் எப்படி மதிக்கப்படுகிறது என்று அங்கேயே விசாரிக்க வேண்டும்.

இதுவரை தரச்சான்றின் பயனைச் சொன்னேன். அது பார்க்காத ஒன்றைச் சொல்லாவிட்டால் மொழியியலாளன் என்ற என் பெயருக்குப் பொருளிராது.

நம் கட்டமைப்பு ஒவ்வொரு பட்டதாரிக்கும் தொடர்புத் திறன் வேண்டும் என்கிறது. எந்த மொழியில் என்பதைப் படிப்பை வகுப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். மதிப்பீட்டுக் குழு, நிறுவனம் தான் எய்துவதாகக் கூறிய கற்றல் பேறுகளை எய்தியதா என்று பார்க்கும், கூறாததைப் பார்க்காது. ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும் ஓர் ஒலிபரப்புப் படிப்பு எல்லாப் பகுதிகளிலும் சிறந்து முழுத் தரச்சான்று பெறலாம். அதில் படித்த தமிழ் மாணவர் ஒருவர் மூன்றாண்டில் ஒரு தமிழ்ச் செய்தியைக்கூட வாசித்துத் திருத்தம் பெறாமல் வெளியே வரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்.

அதன் விளைவை நாம் நாள்தோறும் கேட்கிறோம். நம் துறையின் பெயரே ஒரு தேர்வு: வானொலி செய்வது ஒலிபரப்பு, தொலைக்காட்சி செய்வது ஒளிபரப்பு. லகரமும் ளகரமும் நாவில் ஒன்றாகிவிட்டால் தான் எங்கே வேலை செய்கிறோம் என்பதையே ஒருவரால் சொல்ல முடியாது. கிளந்தானில் வெள்ளம் என்று சொல்ல வந்தவர் வெல்லம் என்று வாசித்தால் கேட்பவர் சிரித்துவிட்டுப் போவார், வீடிழந்தவர் சிரிக்கமாட்டார். வலி, வளி, வழி மூன்றையும் ஒரே ஒலியாகச் சொல்வோர் பலர். இது நாக்கின் குறையன்று. ளகரத்திற்கும் ழகரத்திற்கும் நா எங்கே மடங்குகிறது, எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்று பயிற்றினால் சில வாரங்களில் பெரும்பாலோர்க்கு வந்துவிடும். என் ஒலியியல் வகுப்புகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒலிப்போடு முடிவதில்லை. நம் மொழிக்கு எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என இரட்டை வழக்கு உண்டு. செய்தி எழுத்து வழக்கில் வரும். நேயரோடு உரையாடும்போது பேச்சு வழக்கு வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே மாறுவது, எந்தப் பேச்சு வழக்கு எல்லோர்க்கும் பொதுவாக ஒலிக்கும் என்பது அறிவிப்பாளரின் அன்றாட முடிவு. 2,350,000 ரிங்கிட் என்று தாளில் இருந்தால் இருபத்து மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம் என்பதா, இரண்டு புள்ளி மூன்று ஐந்து மில்லியன் என்பதா? அமைச்சுகளின் மலாய்ப் பெயர்களைத் தமிழாக்கிச் சொல்வதா, அப்படியே சொல்வதா? இவற்றைக் கற்பிக்கும் பாடம் ஒலிபரப்புப் படிப்பில் இல்லையென்றால் மாணவர் வேறிடத்தில் தேடவேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் இலக்கியத்தையும், எஸ்.டி.பி.எம்.மில் தமிழையும் எடுத்தவர்க்கு அடித்தளம் இருக்கும். ஆசிரியர்களே, ஒலிபரப்புக்குப் போக விரும்பும் மாணவர் "எனக்குத் தமிழ்ப் பாடம் எதற்கு?" என்று கேட்டால், அவர் செல்லவிருக்கும் பட்டப்படிப்பு அதைத் தராது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது. நம்மவர் அதிகம் பயன்படுத்தவில்லை. ஒரு படிப்பை வகுக்கும்போதும் மறுஆய்வு செய்யும்போதும், பட்டதாரிகளை வேலைக்கு எடுப்போர் உள்ளிட்ட தொடர்புடைய தரப்பினரின் கருத்தைக் கேட்டதாக நிறுவனம் காட்ட வேண்டும் என்பது தரச்சான்று நடைமுறையின் ஒரு பகுதி. மின்னலும் ராகாவும் அப்படிப்பட்ட தரப்பினர். தமிழாசிரியர் அமைப்புகளும் கருத்துரைக்கலாம். ஒரு தமிழ் நிலையம், "எங்களிடம் வரும் பட்டதாரிகள் தமிழில் எழுதிய செய்தியைத் திருத்தமாக வாசிக்க வேண்டும்" என்று ஒரு கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்தால், அது கோப்பில் ஏறும். அடுத்த மறுஆய்வில் அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். மூன்று கிரெடிட் விருப்பப் பாடமாகத் தமிழ் ஒலிபரப்பு மொழி வந்தால்கூட 120 மணி நேரம் கிடைக்கும். இரண்டு அல்லது மூன்று கல்லூரிகளில் தொடங்கிப் பார்க்கலாம். ஒருமுறை கற்றல் பேறாக எழுதப்பட்டுவிட்டால், அதை நிறைவேற்றினார்களா என்று கேட்பது அந்த முகமையின் வேலையாகிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. கல்லூரிக்குச் செல்லுமுன் பதிவேட்டில் படிப்பின் முழுப்பெயரையும் குறியீட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சேர்க்கைப் பிரிவில் "அங்கீகாரம் உண்டா?" என்று கேட்காதீர்கள். "முழுத் தரச்சான்றா, தற்காலிகமா? தற்காலிகம் என்றால் முதல் அணி எப்போது முடிக்கிறது? ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவருக்கு வாரம் எத்தனை மணி நேரம்? இறுதியாண்டுத் தயாரிப்பைத் தமிழில் செய்யலாமா, செய்தால் திருத்துபவர் தமிழறிந்தவரா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் தடுமாறுவார்கள். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி, ஒரு வாரத்தில் உண்மையாகவே கேட்டுச் சொல்லும் கல்லூரியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு.

உங்கள் வினாக்களுக்கு நேரம் வேண்டும் என்பதால் இங்கே நிறுத்துகிறேன்.